மயிலுவின் வயிற்றில் போட்ட தையல்

போன வாரம் என் செல்லுக்கு ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் இப்போது பணியில் இருக்கும் இளம் கால்நடை மருத்துவர். மேசையில் ஒரு பெரிய ஜெர்மன் ஷெப்பர்டு மயக்கத்தில் படுத்திருக்கிறது. வயிற்றில் விரல் நுழையும் அளவுக்கு இரண்டே துளைகள். ஒன்றில் கேமரா, இன்னொன்றில் இடுக்கி. இரைப்பையின் ஓரத்தை நோகாமல் பிடித்து இழுத்து, வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கிறார்கள். நாய்க்கு ஒரு நோயும் இல்லை. வருமுன் காப்பதற்கான தையல் அது. கீழே ஒரு கேள்வி: "சார், நீங்கல்லாம் வயித்தத் தொறந்து கையாலேயே பண்ணீங்களாமே, எப்படி சார்?"

அப்போது நான் பெரம்பலூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். உற்சாகம் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் செல்லை நீட்டினேன். "இங்க பாருங்க, இதுதான் இரைப்பை. எவ்வளவு நேக்கா இழுக்குறாங்க பாத்தீங்களா!" அவர் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். "சார், நான் இப்பதான் வாயில வைக்கப் போனேன்" என்றார். நான் செல்லை மடியில் கவிழ்த்துக்கொண்டேன், ஆனால் சிரிப்பு அடங்கவில்லை.

பதிலைக் குரலில் பதிந்து அனுப்பலாம் என்றுதான் வீட்டுக்கு வந்து ஆரம்பித்தேன். பேசப் பேச நீண்டுகொண்டே போனது. என் மனைவி உள்ளே வந்து, "யாருகிட்ட சண்டை போடுறீங்க?" என்று கேட்டாள். சண்டை இல்லை, சந்தோஷம். எனக்கு இரண்டுக்கும் ஒரே குரல்தான். அதனால் எழுதிவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நெஞ்சுக்கூடு ஆழமாக உள்ள பெரிய நாய்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. கிரேட் டேனுக்கு உண்டு, நம்ம ராஜபாளையத்துக்கும் உண்டு. இரைப்பை திடீரென்று காற்றடைத்து ஊதும். ஊதிய இரைப்பை புரண்டு திருகிக்கொள்ளும். மேல்வழியும் அடைபட்டுப்போகும், கீழ்வழியும் அடைபட்டுப்போகும். உள்ளே இருக்கும் காற்று எங்கே போகும்? இதயத்துக்குத் திரும்புகிற பெரிய ரத்தக்குழாயைப் போட்டு அமுக்கும். காலையில் வாலாட்டிய நாய் பொழுது சாய்வதற்குள் போய்விடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. நாய் வாந்தி எடுக்க முக்கிக்கொண்டே இருக்கும், நுரையைத் தவிர ஒன்றும் வராது. எங்கள் பக்கத்தில் அதைப் பார்ப்பவர்கள் அத்தனை பேரும் தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டதாகத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு வாய்க்குள் கையை விட்டுத் துழாவுவார்கள்.

என் அப்பா அடுத்தவர் மாட்டை மேய்த்தவர். எங்கள் வீட்டுக்குச் சொந்தமாக ஒரு மாடு வந்ததே நான் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகுதான். கால்நடை மருத்துவம் படிக்க எனக்கு இடம் கிடைத்ததும், "மாட்டுக்குப் பின்னாடி போறதுக்கு இம்புட்டுப் படிக்கணுமாடா?" என்று சொல்லிச் சிரித்தார். ஊர் முழுக்க அதைச் சொல்லிப் பெருமைப்பட்டவரும் அவர்தான். கல்லூரியில் நாயின் இரைப்பைத் திருகலைப் பற்றி ஒரே ஒரு வகுப்பு. பரீட்சையில் கேட்கவில்லை, மறந்துபோனோம். வேலைக்கு வந்தால் மாடு, ஆடு, கோழி, திரும்பவும் மாடு. மாட்டு வயிறு உப்பினால் இடப்பக்கம் விலாவுக்குப் பின்னால் இருக்கும் குழியில் தடித்த ஊசியைக் குத்திக் காற்றை விடுவோம். அந்த வேலை என் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு.

திருகிய நாய் வயிற்றை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில். ஓர் அரிசி மில்காரருடைய ராஜபாளையம் நாய் வயிறு வீங்கிச் செத்துக் கிடந்தது. அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வெகுநாளாக வரப்புத் தகராறு. வீங்கிச் செத்தால் எங்கள் ஊர்களில் ஒரே முடிவுதான், விஷம் வைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நெல் காயப்போடும் களத்து ஓரத்தில் எல்லோருக்கும் எதிரிலேயே நாயை அறுத்தேன். உள்ளே இரைப்பை கன்றிப்போய், வேட்டியைப் பிழிந்து போட்டதுபோலத் திருகிக் கிடந்தது. பாடத்தில் பார்த்த படம் நேரில்! எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். செத்த வீட்டில் டாக்டர் பல்லைக் காட்டுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று முகத்தைக் கஷ்டப்பட்டு இறுக்கிக்கொண்டேன்.

"விஷம் இல்லீங்க. இது தானாத் திருகிக்கிட்டது. இப்படித் திருப்பி விட்டா நேராயிடும், பாருங்க" என்று திருப்பிக் காட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். மில்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "செத்ததுக்கு அப்பறம் நேரானா என்ன, ஆகாட்டி என்ன? திருகாம இருக்க ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்றார். அந்தக் கேள்வி பல வருஷம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குப் பதில் கிடைத்தது அரியலூரில், ஸ்டெல்லா மேடத்திடம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு அவர்தான் தலைமை மருத்துவர். ஆள் குள்ளம். அறுவை மேசைக்கு உயரம் எட்டாது என்பதால் சோடா பாட்டில் வைக்கும் மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டுவார். விலங்குகளிடம் பேசும்போது வாய் நிறைய மரியாதை. "வாங்க, ஏறுங்க, கொஞ்சம் படுங்க" என்பது ஆட்டுக்கு. எங்களுக்கு வா, போ மட்டும்தான். எங்களைப் பார்த்து "ங்க" போட்டுவிட்டால் அன்றைக்குப் புயல். "ரொம்ப நல்லாப் பண்ணிருக்கீங்க டாக்டர்" என்று அவர் சொன்னால் கம்பவுண்டரே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. வயிற்றுக்குள் கையை விட்டால், கை எதைத் தொடுகிறது என்பதை உதவிக்கு நிற்கிறவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "வாய் சொல்லலேன்னா கை பொய் சொல்லும் வேலு" என்பார். பழனிவேலு என்ற என் முழுப்பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மேசையில் ஏறிய உயிர் எழுந்து நிற்கும்வரை டீ குடிக்க மாட்டார். அவர் குடிக்காதபோது நாங்கள் எப்படிக் குடிப்பது?

முந்திரிப் பருவத்தில் ஒருநாள் காலை, ஆட்டுக் கூட்டத்துக்கு நடுவே ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் கன்றுக்குட்டி அளவில் ஏதோ படுத்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் நாய். செம்பழுப்பு நிறத்தில் ஒரு கிரேட் டேன். அதன் வாயில் குறுக்காக ஒரு வேப்பங்குச்சியை வைத்துக் கயிற்றால் காதுக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். வாயோரம் எண்ணெய் வழிந்தது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது.

கூட வந்தவர்கள் ஆண்டிமடம் பக்கத்து அண்ணன் தங்கை. தங்கை தமிழரசி முந்திரித்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். கணவர் சிங்கப்பூரில். பருவம் முடியும்வரை தோப்புக் கொட்டகையிலேயே தனியாகத் தங்கி, கொட்டை பொறுக்கி, காவலும் பார்க்க வேண்டும். அவளுக்குத் துணை இரண்டு நாய்கள். சிமெண்ட் ஆலை அதிகாரி ஒருவர் வடக்கே மாற்றலாகிப் போகும்போது விட்டுச் சென்ற ஒரே ஈற்றுக் குட்டிகள். மாட்டுக்குப் பெயர் வைப்பதுபோல நிறத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருந்தாள். செம்பழுப்பு ஆண் செவலை, சாம்பல் நிறப் பெண் மயிலு.

"சார், இதுங்க இல்லேன்னா அந்தத் தோப்புல ஒரு ராத்திரி என்னால தங்க முடியாது. குத்தகைய விட்டுட்டு வூட்டுக்குப் போக வேண்டியதுதான். எப்படியாச்சும் காப்பாத்துங்க" என்றாள்.

அண்ணன் மாரிமுத்து பால்மாடு வைத்திருப்பவர். ஊரில் மாட்டுக்கு வயிறு உப்பினால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். "எலும்பு மாட்டல, கைய விட்டுப் பாத்துட்டேன். நல்லெண்ணெய்ல பெருங்காயம் கரைச்சு ஊத்தியாச்சு, குச்சி கட்டியாச்சு, நடக்க வச்சும் பாத்தாச்சு. மாட்டுக்கு இதுக்கு மேல ஒன்னும் தேவப்படாது டாக்டரே" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூச்சு வாங்குகிற நாய்க்கு எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நல்லவேளை, முக்கால்வாசி எண்ணெய் அவர் சட்டையில்தான் இருந்தது.

குச்சியை அவிழ்க்கப் போனேன். "அத விடு, எனக்கு வேணும்" என்றார் மேடம். வாய் கடிபடாமல் திறந்தே இருக்கிறதல்லவா, அந்தக் குச்சிக்குப் பின்னாலேயே டியூபைச் செலுத்தினார். கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. சுழற்றிப் பார்த்தார், தண்ணீரில் நனைத்துப் பார்த்தார், நகரவில்லை. அழுத்தவில்லை, உருவிவிட்டார். "திருகிருக்கு வேலு" என்றார்.

முன்னங்கால் இரண்டிலும் பெரிய ஊசி போட்டு சலைனைத் திறந்துவிட்டோம். பின்னங்காலில் ஏற்றினால் அமுங்கிய குழாயைத் தாண்டி இதயத்துக்குப் போகாது. நான் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் மயிரை மழிக்கப் போனேன். "இது மாடு இல்லீங்க டாக்டர்" என்றார். "ங்க" வந்துவிட்டது! கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். அவர் இரண்டு பக்கமும் விரலால் சுண்டி, காது கொடுத்துக் கேட்டார். வலப்பக்கம்தான் கணீரென்று ஒலித்தது. மண்ணீரல் எங்கே ஒதுங்கியிருக்கிறதோ, கண்ட இடத்தில் குத்தினால் ரத்தம் பீறிடும். ஒலி நன்றாக வந்த இடத்தில் ஊசியை இறக்கினார். உஸ்ஸென்று காற்று வந்தது. புளித்த சோற்று வாடை அறை முழுக்கப் பரவியது. செவலை முதன்முறையாக ஒரு முழு மூச்சு இழுத்தான்.

மாட்டுக்குப் போடுகிற மயக்க ஊசி வேண்டாம், ரத்த அழுத்தம் இன்னும் விழும் என்று வேறு மருந்து கொடுத்து மேடம் வயிற்றைத் திறந்தார். திறந்ததும் இரைப்பை தெரியவில்லை. அதன்மேல் கொழுப்புச் சவ்வு போர்த்திக் கிடந்தது. அதைப் பார்த்ததுமே திருகல் உறுதி. "கைய விடு. சொல்லு."

"சவ்வு மேடம். கீழ இரைப்பை. வழுக்குது. இறுகிப் போயிருக்கு."

"குடலுக்குப் போற வாய் எங்க?"

"இடப்பக்கம் போயிருக்கு. இருக்கக் கூடாத இடத்துல இருக்கு. ஆ, விரல்ல மாட்டிருச்சு!"

"அத மேல தூக்கி உன் பக்கம் இழு. நான் இந்தப் பக்கம் அமுக்குறேன். முரட்டுத்தனம் வேணாம். இப்ப."

அந்த இழுப்பை என் கை இன்னும் மறக்கவில்லை. முதலில் அசையவில்லை. பிறகு மெல்ல நகர்ந்து, சட்டென்று முழுசாகப் புரண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. தலைமாட்டில் நின்ற கம்பவுண்டரை டியூபை விடச் சொன்னோம். இப்போது தடையே இல்லாமல் இறங்கியது. நான் முகமூடிக்குள் கத்தியே விட்டேன். மேடம் நிமிர்ந்து பார்த்தார், நல்லவேளை, "ங்க" வரவில்லை.

இரைப்பையில் ஓரிடம் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியை அதன்மேல் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அது கறுத்துப்போனால் வெட்டியெடுக்க வேண்டும், வெட்டினால் பிழைப்பது கஷ்டம். துணியை எடுத்துப் பார்த்தார், மறுபடி போட்டார், மறுபடி எடுத்தார். சிவப்பு திரும்பியிருந்தது. மூடிவிடலாம் என்று நூலை எடுத்தேன்.

"இப்ப மூடுனா நாளைக்கு என்ன ஆகும்?"

"மறுபடி திருகும் மேடம்."

"அப்ப?"

மில்காரர் கேட்ட கேள்விக்குப் பதிலை அப்போதுதான் பார்த்தேன். குடலுக்குப் போகும் வாய்க்குப் பக்கத்தில், இரைப்பையின் மேல்தோலையும் தசையையும் மட்டும் நீளவாக்கில் கீறினார். உள்தோலைத் தொடவில்லை. அதற்கு நேராக வலப்பக்கம் கடைசி விலாவுக்குப் பின்னால் வயிற்றுச் சுவரின் உள்பக்கத்திலும் அதே நீளத்துக்கு ஒரு கீறல். பச்சைப் புண்ணோடு பச்சைப் புண் பொருந்தும்படி இரண்டு வரிசையாகத் தைத்தார். "நூல நம்பாத, நூல் கரைஞ்சு போயிடும். ரெண்டு புண்ணும் சேந்து ஆறி ஒட்டிக்கும். அந்தத் தழும்புதான் இரைப்பையப் புடிச்சு வைக்கும்" என்றார். எவ்வளவு எளிது! இரண்டு கீறல், ஒரு தையல். எனக்கு அப்போதே இன்னொரு நாய்க்குப் போட்டுப் பார்க்க வேண்டும்போலக் கை துறுதுறுத்தது.

செவலைக்கு இரண்டு நாள் இதயத்துடிப்பு தாறுமாறாகப் போய் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. பிறகு சீரானது. ஒரு காலையில் தள்ளாடி எழுந்தான், சுற்றுமுற்றும் பார்த்தான், நேராகப் போய் மேடத்தின் சோடாப் பெட்டிமேல் காலைத் தூக்கினான். "சரிங்க, சரிங்க, நல்லாப் போங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, மேடம் டீ வாங்கிவரச் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும்போது, கூடப் பிறந்த மயிலுவுக்கும் இது வரலாம், முன்கூட்டியே தையல் போட்டுவிடலாம் என்று சொன்னார். மாரிமுத்து துள்ளிக் குதித்தார். "நல்லா ஓடியாடித் திரியிற நாயப் போயி அறுக்கிறதா? யாராச்சும் கேட்டா வழிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க." தமிழரசி அண்ணன் முகத்தைப் பார்த்தாள், செவலையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

சில நாள் கழித்துத் தையல் பிரிக்க நானே தோப்புக்குப் போனேன். அங்கே நாய்க்குச் சோறு போடும் வழக்கத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. காவல் நாய் வயிறு நிறைந்தால் தூங்கிவிடும் என்று பகல் முழுக்கப் பட்டினி போட்டு, சாயங்காலம் ஒரு குண்டான் நிறையக் கம்பஞ்சோறும் ஆட்டுக்குடலும் ஒரே தடவையாகக் கொட்டுவார்கள். பசித்த நாய் காற்றையும் சேர்த்து விழுங்கும், விழுங்கிய கையோடு வேலியோரம் ஓடும். "பகுத்துப் போடுங்க, சாப்பிட்டதும் ஓட விடாதீங்க" என்றேன். அதற்கு அண்ணனும் தங்கையும் ஒத்துக்கொண்டார்கள். தையல் பேச்சை எடுத்ததும் திரும்பவும் தகராறு.

"அந்தத் தையல் போட்டா வயிறு உப்பவே உப்பாதா சார்?" என்று தமிழரசி கேட்டாள்.

"உப்பலாம்மா. திருகுறதுதான் ரொம்ப அபூர்வமாயிடும்."

"அப்ப உப்புறது நிக்காதுன்னு நீங்களே சொல்றீங்க. பெறகு எதுக்கு அறுக்கணும்?" என்று மாரிமுத்து மடக்கினார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நின்றது. "உப்புனா காத்த நான் எடுத்துருவேன் அண்ணே. திருகுனா உசுர எமன் எடுத்துருவான். எது வேணும்?"

"மயக்கத்துலயே செத்துட்டா?" என்றாள் தமிழரசி.

"ஆபரேஷன்னா அந்தப் பயம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இல்லேன்னு சொன்னா நான் பொய்யன்."

மாரிமுத்து முடிவாகச் சொல்லிவிட்டார். "தமிழு, நான் இருக்குறவரைக்கும் இந்த நாய்மேல கத்தி படக் கூடாது." நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் வண்டிதான் என் திட்டை வாங்கியது.

பருவம் முடிந்த பிறகு ஒருநாள் தமிழரசி மட்டும் தனியாக மயிலுவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். "குட்டி போடாம இருக்க ஆபரேஷன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன் சார். குட்டி போட்டா யாரு வளக்குறதுன்னு அதுக்கு மட்டும் சரின்னுச்சு. அந்தத் தையலையும் அதோட சேத்துப் போட்டுடுங்க. அண்ணனுக்குத் தெரிய வேணாம், மனசு ஒடிஞ்சு போயிடும். நீங்களும் சொல்லிடாதீங்க." நான் சத்தியம் செய்யாத குறையாக ஒத்துக்கொண்டேன். கருப்பையை எடுக்கத் திறக்கும் வயிறு, அதே வழியில் கொஞ்சம் மேலே போனால் இரைப்பை. இதைவிடத் தோதான நேரம் வேறு ஏது?

அந்த அறுவையை நான் செய்தேன். மேடம் கையுறைகூடப் போடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டிமேல் நின்றார். நான் தொட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். கீறல் கீறலோடு பொருந்தியது, இரண்டு வரிசைத் தையலும் சீராக விழுந்தது. "நல்லாருக்கு" என்றார். "ங்க" இல்லாமல்! அன்று நான் வீட்டுக்குப் பறந்து போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு மேடம் ஓய்வு பெற்றுப் போனார், எனக்கு உடையார்பாளையத்துக்கு மாற்றல் வந்தது. மயிலுவுக்கு ஒன்றும் வரவில்லை. இந்த வேலையில் அதுதான் சங்கடம். தையல் பிடித்திருக்கிறதா, இல்லை சும்மா அறுத்தோமா என்று யாருக்கும் தெரியாது. தமிழரசியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சந்தேகம் எனக்குள் எட்டிப் பார்க்கும்.

ஒரு வருஷம் அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் தேர்த்திருவிழா. அன்று மத்தியானம் உடையார்பாளையம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு குட்டியானை வந்து நின்றது. மாரிமுத்து குதித்து இறங்கினார். முகமெல்லாம் கண்ணீர். "தமிழு வேண்டுதல் தானியம் கொட்டக் கோயிலுக்குப் போயிருக்கு டாக்டரே. மாட்டுக்கு ஊற வச்சிருந்த புண்ணாக்குத் தொட்டிய மயிலு கவுத்துக் குடிச்சுப்புட்டா. ஒன்னும் வராம முக்குறா. நான் எதையும் ஊத்தல, குச்சியும் கட்டல, அப்படியே தூக்கியாந்துட்டேன்."

மயிலுவின் வயிறு பறையாகப் புடைத்திருந்தது. ஈறு வெளிறத் தொடங்கியிருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் பெரிய அறுவை செய்ய வசதி இல்லை. அரியலூர் சாலையில் தேருக்குப் போகும் கூட்டம். உள்ளே திருகியிருந்தால் அவள் போய்ச் சேர மாட்டாள்.

முன்னங்காலில் ஊசியைப் போட்டு சலைனை ஓடவிட்டேன். டியூபை மூக்கிலிருந்து கடைசி விலாவரை அளந்து பிளாஸ்டரால் அடையாளம் வைத்தேன். பிளாஸ்டர் சுருளையே வாயில் வைத்து, நடுத்துளை வழியாக டியூபை நுழைத்தேன். மாரிமுத்து தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் விசும்பியதில் மயிலுவின் தலையும் ஆடியது.

"செவலைக்குப் போட்ட தையல இவளுக்கும் போடுறேன்னு சொன்னீங்க. தமிழு அழுதுச்சு, நான்தான் முடியாதுன்னுட்டேன். நானே கொன்னுட்டேன் டாக்டரே."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் என்ன சொல்வது? தையல் போட்டாயிற்று என்று சொல்லி, அது விட்டுப்போயிருந்தால்? "தலைய ஆட்டாம புடிங்க" என்று மட்டும் அதட்டினேன்.

டியூப் நெஞ்சைத் தாண்டி, செவலைக்கு நின்ற அதே இடத்தில் நின்றது. அழுத்தவில்லை. மெல்ல வாயால் ஊதி, லேசாகச் சுழற்றினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது! பிளாஸ்டர் அடையாளம் பல்வரைக்கும் வந்துவிட்டது. புஸ்ஸென்று காற்று கிளம்பி, பின்னாலேயே புளித்த புண்ணாக்குத் தண்ணீர் என் சட்டையெல்லாம் அடித்தது. அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு நான் சிரித்தேன்.

"போயிடுச்சா? செவலைக்குப் போகலியே! அப்ப இது திருகலயா?"

"இப்ப சொல்ல முடியாது அண்ணே. திருகியிருந்தாலும் சில நேரம் டியூப் போகும். படம் எடுத்துப் பாத்தாத்தான் நிச்சயம். ஏத்துங்க வண்டியில."

குட்டியானையின் பின்னால் மயிலுவுக்குப் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்துகொண்டேன். எதிரேயும் பின்னாலேயும் கோயில் கூட்டம். டிரைவர் வண்டியை ஓட்ட, மாரிமுத்து ஒரு கையால் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழிவிடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தார். கத்தலுக்கு நடுவே தன்னையும் திட்டிக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். ரகசியத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு பாடுபட்டது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

அரியலூரில் மயிலுவை வலப்பக்கமாகப் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். திருகியிருந்தால் இரைப்பை நடுவில் மடிந்து இரண்டு காற்றுப் பைகளாகத் தெரியும். திரையில் படம் வந்தது. ஒரே பை. குடலுக்குப் போகும் வாய் நான் தைத்து வைத்த இடத்திலேயே நின்றது. பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"திருகல அண்ணே!" என்று கத்தினேன். "திருகாது! அவளுக்கும் தையல் போட்டாச்சு. குட்டி போடாம இருக்க ஆபரேஷன்னு உங்க தங்கச்சி கூட்டியாந்துச்சே, அன்னைக்கே போட்டாச்சு!"

மாரிமுத்து குனிந்து மயிலுவின் வயிற்று மயிரை விலக்கிப் பழைய தழும்பைத் தேடி, அதை விரலால் தடவினார். சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்துத் தங்கைக்குப் போட்டார். அந்தப் பக்கம் மேளச் சத்தம் எங்களுக்கே கேட்டது. அவளுக்கு இவர் பேசுவது கேட்கவில்லைபோலிருக்கிறது. வாசலுக்குப் போய் நின்று, ஆட்டோடு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"மயிலு பொழச்சுக்கிட்டா தமிழு! எல்லாம் தெரிஞ்சு போச்சு, டாக்டர் சொல்லிட்டாரு. அழாத, கேளு. நல்லவேளடி, என் பேச்ச நீ கேக்காமப் போன!"